பிழிசல்: தோற்றம் தெரியவில்லை

ஜூன் 4

கதாசிரியருக்கு,

வணக்கம் போடுவதா, நலம் விசாரிப்பதா என்று யோசித்துவிட்டு இரண்டையும் விட்டுவிட்டேன். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. இந்த மூன்றாவது மாடியும் கீழே இறங்கி வருவதாக இல்லை. உங்கள் காது எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் போனில் நாம் இருவரும் மாறி மாறி "ஹலோ, ஹலோ" என்று கத்தியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரி "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று ஓடி வந்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, உங்கள் மகள். என்னை அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்கிறாள். வழக்கம்போல இரண்டு மாதம் விருந்தாளியாக இல்லை, ஒரேயடியாக. "உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணியாச்சும்மா. அங்க தனியா உக்காந்து யாருக்குக் காவல் காக்குற?" என்றாள். மாப்பிள்ளையும் போனை வாங்கி "வந்துடுங்க அத்தை" என்றார். அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதில் இரண்டை எனக்காகச் செலவழித்திருக்கிறார். இங்கே வீட்டுக்காரரும் விடுவதாக இல்லை. ஆகஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது, இருக்கப் போகிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். மகளிடம் போனால் வீட்டை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு திரும்பி வர இடமில்லை.

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "அப்பாகிட்ட என்ன கேக்கறது? அவர் ஒரு ஊர்ல, நீ ஒரு ஊர்ல. வருஷக்கணக்கா அப்படித்தானே இருக்கீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் கேட்கிறேன். நான் போகட்டுமா, வேண்டாமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரண்டாவது விஷயம் சின்னது. பேச்சுவழக்குச் சொற்களுக்கென்று தனியாக ஒரு அகராதி போடுகிறார்களாம். அதற்கு வார்த்தை சேகரிக்கிற பெண் ஒருத்தி வந்திருந்தாள். வந்ததும் காலணியைக் கழற்றுவதற்குள் "பிழிசல் உங்களோடதாமே?" என்று கேட்டாள். அரைத்த மாவையே அரைக்கிற அழுகைக் காட்சி, வராத கண்ணீரை வலுக்கட்டாயமாக வரவழைக்கிற பேச்சு, இதற்கெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட "செம பிழிசல்", "பிழியாதே" என்றுதான் சொல்கிறார்களாம். தேடித் தேடிப் போனதில், அது நம் வானொலி நிலையத்து நாடகப் பிரிவில் பிறந்த சொல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் முதலில் சொன்னது, எதனால் அந்தப் பெயர் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். நாடகம் எழுதியவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் நான் எதையாவது உளறி அது அச்சில் வந்துவிடக் கூடாது.

கவரின் மேல் "வாளி" என்று எழுதாதீர்கள். போன தடவை தபால்காரர் "வாளியம்மா யாருங்க?" என்று ஒவ்வொரு மாடியாகக் கேட்டுக்கொண்டு ஏறினார்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


ஜூன் 13

அன்புள்ள வாளிக்கு,

கவரில் ஒழுங்காகப் பெயர் போட்டுவிட்டேன். உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை.

பிழிசலுக்கு அகராதியில் இடம் கிடைத்துவிட்டதா! எனக்குக் கிடைக்காத இடம். இங்கே நான் அந்தச் சொல்லோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். காலையில் எட்டு மணிக்கு இளசுகள் எழுதிய பக்கங்கள் திருத்தத்துக்கு என் மேஜைக்கு வரும். படப்பிடிப்புக் கூடத்துக்கு மேலே இருக்கிற தகர அறை என்னுடையது, உனக்குத்தான் தெரியுமே, மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் நான் வேகிறேன். இந்த வாரம் எங்கள் டிவி தொடரின் கதாநாயகிக்கு மறுபடியும் நினைவு தப்பிவிட்டது. போன வருஷம் தப்பியதே இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. எழுதின பையனைக் கூப்பிட்டு "ஏம்ப்பா இவ்வளவு பிழியற?" என்றேன். "சார், ஜனங்க கேக்குறாங்க சார்" என்றான். ஜனங்கள் அவனிடம் எப்போது வந்து கேட்டார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன். இதற்கு ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒப்பனைக்காரர், அழுகை வராத நடிகைக்குக் கண்ணருகே எலுமிச்சம்பழம் பிழிந்ததால் வந்த பெயர் என்கிறார். ஒளிப்பதிவாளர், பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு போனதால் வந்தது என்கிறார். எங்கள் தயாரிப்பாளர் இருக்கிறாரே, அவர் "நம்ம கம்பெனி வச்ச பேருதான் சார் அது" என்று கூசாமல் சொல்கிறார். அவருக்கு அப்போது பல் முளைத்திருந்தாலே அதிகம்.

தோற்றத்தை விடு, பொருளை ஒழுங்காகச் சொல்லச் சொல். சோகமெல்லாம் பிழிசல் ஆகாது. துணியில் தண்ணீர் இருந்தால் அது தானாகச் சொட்டும். காய்ந்த துணியை எடுத்துவைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று முறுக்குகிறோமே, அதுதான் பிழிசல். தாய் செத்தால் அழுவது பிழிசல் இல்லை. தாய் செத்த பிறகு அவள் தைத்துவைத்த சட்டை கிடைத்து, சட்டைப் பையில் ஒரு கடிதம் கிடைத்து, கடிதத்தைப் படிக்கும்போது மழையும் பெய்தால் அது பிழிசல். தோற்றம் என்ற இடத்தில் கைக்குட்டை என்று எழுதிக்கொள்ளட்டும். பார்க்க மரியாதையாக இருக்கும்.

மகள் விஷயம்: உனக்கு எது வசதியோ அப்படிச் செய். உன் இஷ்டம். அங்கே குளிர் அதிகமாமே, முட்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்.

உன்,
கதாசிரியன்


ஜூன் 21

கதாசிரியருக்கு,

நான் கேட்டது இரண்டு. சின்னதுக்கு இரண்டு பக்கம், பெரியதுக்கு நாலு வரி. அந்த நாலு வரியிலும் ஒரு வரி குளிர்.

கைக்குட்டையாம், கைக்குட்டை. உங்களுக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறீர்களா? சரி, நானே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்.

நான் நிலையத்தில் ஆள் விட்டு அழைத்தால் மட்டும் வருகிற ஓசைக்காரி. மழை, இடி, கதவு, குதிரை, ரயில் எல்லாம் இசைத்தட்டில் இருந்தன. தட்டில் இல்லாத ஓசை வேண்டுமென்றால்தான் எனக்கு ஆள் அனுப்புவார்கள். உங்கள் தொடர் நாடகம் ஆரம்பித்த புதிதில், அம்மா கதாபாத்திரம் துணி துவைத்துக்கொண்டே அழுகிற காட்சி வந்தது. ஈரத் துண்டும் ஒரு இரும்பு வாளியும் எடுத்துக்கொண்டு வந்து மைக்குக்குக் கீழே உட்கார்ந்து பிழிந்தேன். அதோடு எனக்கு வாளி என்ற பெயரும் வந்தது. அடுத்த வாரமும் அந்த அம்மா துணி துவைத்தாள். அதற்கு அடுத்த வாரம் மகள் துவைத்தாள். அப்புறம் நாடகப் பிரிவின் தலைவர் காலையில் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். "இன்று ஒலிப்பதிவு நான்கு மணி. பிழிசல் உண்டு." அதாவது வாளிக்காரிக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான். அவர் யாரையும் கிண்டல் பண்ணவில்லை. ஆனால் துணி பிழிகிற காட்சியில் எல்லாம் யாராவது அழுதார்கள், அழுகிற காட்சியில் எல்லாம் துணி பிழிந்தார்கள். நடிகர்கள் பலகையைப் பார்த்துவிட்டு "இன்னைக்குப் பிழிசல் உண்டாம், தொண்டையைத் தயார் பண்ணிக்க" என்று சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் துணி போய்விட்டது, அழுகை மட்டும் அந்தப் பெயரில் நின்றுவிட்டது.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, எல்லா எபிசோடுலயும் எதுக்குத் துணி துவைச்சாங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. கதாநாயகி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் நர்ஸ் வந்து நெற்றிக்கு ஈரத்துணி பிழிந்தாள். நீதிமன்றக் காட்சியில், தீர்ப்பு சொல்லப் போகிற நேரத்தில், ஒருத்தி வந்து தரையைத் துடைத்தாள். நீதிபதி காத்திருந்தார். ஏன் அப்படி எழுதினீர்கள்?

அந்தச் சொல்லை நாம் வீட்டுக்கும் கொண்டுவந்தோமே, அதையும் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாப்பாடு நல்லாருக்கு" என்று நீங்கள் சொன்னால் நான் "பிழியாதீங்க" என்பேன். நேரம் கழித்து வருகிறீர்களே, கவலையாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் நீங்கள் "வாளி, பிழிசல்" என்பீர்கள். சிரிப்போம். மகள் மூன்று வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபோது, நம்மைப் பார்த்துவிட்டு "நான் பிழியல" என்று தானாகவே வாயை மூடிக்கொண்டாள். அதற்கும் சிரித்தோம். சிரித்துச் சிரித்தே ஒருவருக்கொருவர் சொல்ல ஒரு வார்த்தையும் மிச்சமில்லாமல் பண்ணிக்கொண்டோம்.

நீங்கள் அந்தத் தொடர் கம்பெனிக்குக் கிளம்பின அன்று பஸ் நிலையத்தில், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "நீ இல்லாம அங்க..." என்று ஆரம்பித்தீர்கள். "பிழியாதீங்க, பஸ் கிளம்புது" என்றேன். நீங்களும் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டீர்கள். ஆறு மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. அந்த வாக்கியத்தின் மீதியை நான் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


ஜூன் 30

அன்புள்ள வாளிக்கு,

கரும்பலகையை நான் மறக்கவில்லை. நீ மறந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஏன் எழுதினேன் என்றால், மழை தட்டில் இருந்தது. கதவு தட்டில் இருந்தது. குதிரைகூட இருந்தது. துணி பிழிகிற சத்தம் மட்டும் நிலையத்துத் தட்டு எதிலும் இல்லை. அலமாரி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பிழிசல் இருந்தால் நீ வருவாய், இல்லாவிட்டால் வரமாட்டாய். நான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். நீ இரண்டு கையாலும் துண்டை முறுக்கிவிட்டு, தண்ணீர் கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருப்பாய், மைக்கில் மூச்சு கேட்டுவிடக் கூடாது என்று. அதைப் பார்ப்பதற்காக ஒரு குடும்பத்தையே வாரா வாரம் அழவைத்தேன்.

நாடகத் தலைவருக்குத் தெரியும். நீதிமன்றக் காட்சியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஏன்யா, பேசாம அந்தப் பொண்ணுகிட்ட நேராவே சொல்லிடேன். எனக்கு நீதிபதியாவது மிஞ்சுவாரு" என்றார். நான் சொல்லவில்லை. நம் கல்யாணப் பேச்சைக்கூட அவர்தான் உன் வீட்டில் ஆரம்பித்துவைத்தார், ஞாபகம் இருக்கிறதா?

ஆக, தோற்றம் இதுதான். தயவுசெய்து அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதே. ஊரில் எல்லாரும் போலி அழுகைக்குச் சொல்கிற வார்த்தை, ஒருத்தன் நிஜமாகவே ஒரு பெண்ணைப் பார்க்க ஆசைப்பட்டதில் பிறந்தது என்று அச்சில் வந்தால் அதைவிடப் பெரிய பிழிசல் வேறு இருக்காது. மேலே எழுதினதுகூட அதிகம் என்று தோன்றினால் அடித்துவிடு.

மகள் விஷயத்தில் நான் என்ன சொல்வது? அங்கே மாடி இல்லை, பேத்தி இருக்கிறாள், ஆஸ்பத்திரி பக்கத்தில். இங்கே ஒரு தகர அறை. உன் இஷ்டம்தான்.

உன்,
கதாசிரியன்


ஜூலை 9

கதாசிரியருக்கு,

இதை எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம். கோபமில்லை. நேற்று பாத்திரம் துலக்கி முடித்துவிட்டுப் பிடிதுணியைப் பிழிந்தேன், பிழிந்துவிட்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாக அது வெறும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

நீங்கள் ஒன்றைச் சொன்னதால் நானும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். கேட்காமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

என் தங்கை தவறிப்போனபோது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். படப்பிடிப்பை விட்டு வர முடியவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கடிதத்தை நான் எந்த வெட்கமும் இல்லாமல் எழுதினேன். அவள் கடைசியாக என் முடியைப் பின்னிவிட்டதை எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கை நடுங்க நடுங்க, "உனக்குப் பின்னல் கோணலா வந்துடுச்சுக்கா" என்றாள். அதற்குப் பிறகு நான் ஒரு நாள் முழுக்க முடியை அவிழ்க்கவில்லை என்று எழுதினேன்.

அடுத்த கோடையில் உங்களோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தேன் அல்லவா? நீங்கள் கீழே கூடத்தில் இருந்தீர்கள். தலைவலிக்கு மாத்திரை தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தேன். என் கடிதம் இருந்தது. பின்னல் எழுதின இடத்துக்கு நேரே, ஓரத்தில், பச்சை மையில் சுழி. இளசுகள் எழுதுகிற பக்கங்களில் நீங்கள் போடுவீர்களே, இரண்டு கோடு ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கிற மாதிரி, அதே சுழி. அந்தப் பையன்கள் அதைப் பார்த்தாலே தலையைச் சொறிவார்கள். "பிழிசல், வெட்டு" என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா?

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று சொன்னேன். உங்கள் அறையில் மூட்டைப்பூச்சி இல்லை. அதற்கு அப்புறம் உங்களுக்கு நான் எழுதின கடிதங்களை எடுத்துப் பாருங்கள். மின்சாரக் கட்டணம், மகளின் பிரசவத் தேதி, குழாய் சொட்டுகிறது. வேறு ஒன்றும் இருக்காது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. வயசானதால் வருகிற களைப்பு இல்லை, ஒவ்வொன்றையும் சொல்லலாமா, வேண்டாமா என்று நிறுத்து நிறுத்துப் பேசியதால் வந்த களைப்பு. நான் போகட்டுமா என்று கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்று இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டத்தைத்தான் கேட்டேன். அதற்கு ஒரு வரி போதும், சிரிப்பு இல்லாமல், குளிர் இல்லாமல், ஆஸ்பத்திரி இல்லாமல். இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நான்தான்


ஆகஸ்ட் 1

கதாசிரியருக்கு,

கடிதம் வரவில்லை. பரவாயில்லை.

வீட்டுக்காரரிடம் நாளை சொல்லப் போகிறேன். மகள் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். பெரிய அலமாரியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு எப்போதுமே ஒரு கண் அந்த அலமாரி மேல்தான். உங்கள் புத்தகங்கள் இரண்டு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். பழைய வாளியையும் எடுத்துக்கொள்கிறீர்களா? அடியில் ஓட்டை, ஆனால் உங்களுக்கு வேண்டியிருக்கலாம்.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 3

வாளி,

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று என் அறையைப் பெருக்குகிற அம்மாவைக் கேட்டால் தெரியும். "என்ன சார், பெரிய ஸீனா?" என்றாள். ஆமாம் என்றேன். உன் கெடு தாண்டிவிட்டது, தெரியும். வீட்டுக்காரரிடம் நீ சொல்வதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று இப்போது தபால் நிலையத்து மேஜையருகிலேயே நின்று எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தச் சுழிக்கு இளசுகள் சொல்கிற அர்த்தம் உண்மைதான், பிழிசல், வெட்டு. ஆனால் அதை எந்த இடத்தில் போடுவது என்று நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. படித்துக்கொண்டே வருவேன். எங்கே எனக்குத் தொண்டையை அடைக்கிறதோ அங்கே கை தானாகப் போய்ச் சுழி போட்டுவிடும். எவ்வளவு மட்டமான பக்கமாக இருந்தாலும் சரி. எனக்கு அழுகை வருகிறதா, அப்படியென்றால் அதில் ஏதோ தப்பு இருக்கிறது, வெட்டு. இப்படித்தான் இத்தனை வருஷம் சம்பாதித்தேன். இந்த முட்டாள்தனத்துக்குத் திறமை என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கீழே கூடத்துக்குப் போகிற அவசரத்தில் மற்றப் பக்கங்களோடு சேர்த்துத்தான் படித்தேன். பின்னல் வந்த இடத்தில் கை போய்விட்டது. போட்ட பிறகுதான் இது உன் கடிதம், இதை வெட்ட முடியாது என்று உறைத்தது. அதற்கப்புறம் என்னால் அன்று கீழே போக முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். நீ இழுப்பறையில் பார்த்தது ஒரு பக்கம்தான். மற்றப் பக்கங்களைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும், ஓரம் முழுக்கப் பச்சையாக இருக்கும். அந்தக் கடிதத்துக்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "தைரியமாக இரு" என்று ஒரு கார்டு. அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூட்டைப்பூச்சி என்று நீ சொன்னதை நம்பி மறுவாரம் கட்டிலையே மாற்றினேன்.

சரி. நீ கேட்ட வரி.

போகாதே. எனக்கு நீ வேண்டும். நீ இல்லாமல் இங்கே எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை, அன்று பஸ் நிலையத்தில் சொல்ல வந்ததும் இதேதான். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடுகிறேன், என்னைச் சேர்த்துக்கொள்.

இதை என் பையன்களில் ஒருத்தன் எழுதியிருந்தால் பச்சை மையில் அடித்திருப்பேன். அடிக்கப் போவதில்லை. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் கெடுத்துவிடுவேன்.

உன்,
நான்


ஆகஸ்ட் 12

கதாசிரியருக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வீட்டுக்காரரிடம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தேன். தபால்காரர் படியிலேயே கொடுத்தார், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டு மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து "முட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்றேன். "முடிவா சொல்லுங்கம்மா, இருக்கீங்களா, போறீங்களா?" என்று சலித்துக்கொண்டார். இருக்கிறோம் என்று சொன்னேன்.

மகளிடம் வரவில்லை என்று சொன்னதும் சத்தம் போட்டாள். பிறகு "அப்பா கூப்பிட்டாரா? அப்பாவா? என்ன சொன்னாரு?" என்றாள். படித்துக் காட்டினேன். அப்புறம் "அய்யோ அம்மா, செம பிழிசல்" என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சளி என்றாள். வாழ்நாள் முழுக்க ஓசைக்காரியாக இருந்தவளிடம் அது நடக்குமா? டிக்கெட்டை அடுத்த கோடைக்கு மாற்றித் தருகிறாளாம், இரண்டு பேருக்கும் சேர்த்து. பார்ப்போம்.

நீங்கள் ரொம்ப எதிர்பார்த்துக்கொண்டு வரவேண்டாம். எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது. எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவேன். சாப்பாட்டு மேஜையில் காகிதம் பரப்பினால் எனக்குப் பிடிக்காது, இப்போது இன்னும் பிடிக்காது. உங்களுக்கும் அங்கே என்னென்ன பழக்கம் வந்திருக்கிறதோ. முதல் மாதம் இரண்டு பேருக்குமே கஷ்டமாகத்தான் இருக்கும். அலமாரியைத் திருப்பிக் கேட்டேன், அதற்குள் அவள் தன் துணியையெல்லாம் அடுக்கிவிட்டாள், அதனால் ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுவராதீர்கள், வைக்க இடமில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கிறது. வரும்போது ஒரு வாஷர் வாங்கி வாருங்கள்.

அகராதிப் பெண் நேற்று மறுபடியும் வந்தாள். பொருள் என்ற இடத்தில் நீங்கள் சொன்ன காய்ந்த துணியைச் சொன்னேன், கரும்பலகைக் கதையையும் அப்படியே விட்டுவைத்தேன். எதனால் எல்லா எபிசோடிலும் துணி துவைத்தார்கள் என்று மறுபடி கேட்டாள். தெரியவில்லை என்றேன். "லேசா ஒரு ஊகம்கூட இல்லையாம்மா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது, பாவம். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேண்டாம் என்று இல்லை, வரும்போது பத்திரமாகக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். பச்சைப் பேனா என்னிடம் கிடையாது, கடைச் சீட்டு எழுதுகிற பென்சில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள்.

வாளி